எட்டாம் திணை: வேடந்தாங்கல் போக்கு

அகத்திணை ஏழு என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டுப் போனார். கைக்கிளையில் தொடங்கிப் பெருந்திணையில் முடியும் அந்தப் பட்டியலில், காலையில் சென்னையை விட்டு வேடந்தாங்கலுக்குப் போய் அன்றிரவே வீடு திரும்பும் ஒழுக்கத்துக்கு இடமில்லை. அவர் காலத்தில் பரனூர் டோல்கேட் இல்லாததால் இதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. விடுபட்டதை நிரப்புவதே இந்த ஆய்வின் நோக்கம்.

முதலில் முதற்பொருள். இத்திணைக்கு நிலம் இரண்டு. சேருமிடம் மருதம்: சுற்றிலும் நெல்வயல், நடுவே சுமார் 30 ஹெக்டேரில் ஓர் ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். போகும் வழி பாலை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்தால் பாலையாகும் என்பது பழைய கொள்கை. ஏரியும் வயலும் பிளாட்டாகத் திரிந்தாலும் பாலையாகும் என்பதற்கு ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர் தொட்டுக் கூடுவாஞ்சேரி வரை, கல் நட்ட சான்றுகள் கிடைக்கின்றன. பெரும்பொழுது, பறவைகள் வந்து தங்கும் நவம்பர் முதல் மார்ச் வரை. சிறுபொழுதுதான் சிக்கல், அதைப் பிறகு பார்ப்போம்.

கருப்பொருளில் உணவு புளியோதரை. நெடுஞ்சாலை ஓரத்துப் பித்தளை டபரா காபியே உணவு என்போரும் உளர், அது இடைச்செருகல். பறை, ஹாரன். யாழ், பின்சீட்டில் இளையராஜா பாடும் புளூடூத் ஸ்பீக்கர். 'மா' என்ற தலைப்பின்கீழ்ப் பின்சீட்டுக் குழந்தைகளை அடக்கும் மரபும் உண்டு. தெய்வம், மதுராந்தகத்து ஏரி காத்த ராமர். மழையில் உடைய இருந்த கரையை வில்லேந்திய இருவர் காவல் காத்ததைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்ணால் கண்டார் என்பது கோயில் கதை. துப்பாக்கிக்காரர்கள் வேடந்தாங்கல் பறவைகளைச் சுடுவதாக ஊரார் 1798-இல் போய் முறையிட்டதும் இதே பிளேஸ் துரையிடம்தான் என்பார்கள். ஊராருக்கு இதில் வயிற்றுப்பாடும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம். எச்சத்துக்காகப் பறவையைக் காத்தார்கள், பறவைக்காகத் தீபாவளி வெடியைக் கைவிட்டார்கள். கலெக்டர் ஒருவரிடமே மனுவும் செல்லுபடியாகி ராமரும் காட்சி தந்த மாவட்டம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தலும் பாலைக்குப் பிரிதலும் போல, இத்திணைக்குக் கிளம்பலும் கிளம்பல் நிமித்தமும். ஏரியைக் காண்பதுதான் உரிப்பொருள் என்று வாதிடுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த வீட்டையும் பார்க்காதவர்கள். "அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிடணும்" என்ற வாக்கு சனிக்கிழமை இரவே பிறந்துவிடுகிறது. ஐந்து மணிக்குக் கிளம்புவது பால்காரர் மட்டும். ஏழுக்குப் பாட்டி குளிக்கப் போகிறார். எட்டரைக்கு எல்லோரும் வண்டியில் ஏறி, தெருமுனை திரும்பியதும் நிமித்தம் தொடங்குகிறது.

"ஏங்க, கேஸை மூடினீங்களா?"

"நீ மூடலையா?"

வண்டி திரும்புகிறது. கேஸ் மூடித்தான் இருக்கிறது; கேஸ் மூடாமல் இருந்த வீடு ஒன்றுகூட ஆய்வில் அகப்படவில்லை. ஆனால் திரும்பிப் போனதால் தண்ணீர்க் கேனை மறந்தது தெரியவருகிறது. ஆகவே இந்த நிமித்தம் வீண் அன்று.

மற்ற ஐந்து உரிப்பொருள்களும் வழியிலேயே நடந்தேறும் என்பது இத்திணைக்கு மட்டுமே உள்ள பெருமை. ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் ஊடல். டோல்கேட் வரிசையில் இருத்தல். பக்கத்து வரிசை வேகமாக நகர்வதைக் கண்டு இரங்கல். அந்த வரிசைக்கு மாறியபின், விட்டுவந்த வரிசையிலிருந்து பிரிதல். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். பாலாற்றைக் கடந்து படாளத்தில் வலப்புறம் திரும்பும்போது புணர்தல் ஒன்றே மிச்சம். அதுவும் இரண்டு புளியோதரைப் பொட்டலங்கள் பைக்குள் உடைந்து ஒன்றாகிவிடுவதால் நிறைவேறுகிறது.

சேரும் நேரம் நண்பகல். இப்போது சிறுபொழுதுக்கு வருவோம். நண்பகல் பாலைக்கு உரியது. மருதத்துக்கு உரியது வைகறை. பறவைகள் இலக்கணம் அறிந்தவை. விடியலில் ஒரு பங்கு இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்விடுகிறது. மிச்சப் பங்கு கூட்டில் அசையாமல் நிற்கிறது. கரையில் நடந்து, கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, தொலைநோக்கியை முறைவைத்துப் பார்த்தால் தெரிவது இவ்வளவு: நீர்க்காகம் ஒன்று நனைந்த சட்டையை உலர்த்துவதுபோல இறக்கையை விரித்து நிற்கிறது. நத்தைகுத்தி நாரை, எவ்வளவு மூடினாலும் நடுவில் சந்து விழும் அலகோடு, குஞ்சுக்கு வெயில் படாமல் சிறகைக் குடையாக்கி நிற்கிறது.

"அமைதியா இருக்குல்ல?" என்கிறார் குடும்பத்தலைவர். இல்லை என்பதே ஆய்வின் முடிவு. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் சோறு கேட்டுக் கத்தும் இடம் அது. நாரைகள் அலகைத் தட்டும் ஓசை வேறு. நகரத்துக்குக் குறையாத அந்த இரைச்சலில் ஒன்றுகூட நம்மை வழிவிடச் சொல்லவில்லை. அதைத்தான் அவர் அமைதி என்கிறார்.

உண்மையான காட்சி நாலு மணிக்குமேல். கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக இறங்கும். மாலைப்பொழுது, வினைமுடித்து மீளும் துணை, கூட்டில் காத்திருக்கும் துணை. அப்பட்டமான முல்லை. அதைக் காணத்தான் யாரும் இருப்பதில்லை. இரண்டரைக்கே வாகன நிறுத்தத்தில் கிளம்பல் தொடங்கிவிடும்.

"இப்ப விட்டாத்தான் கூடுவாஞ்சேரி டிராஃபிக்குக்கு முன்னாடி போகலாம்."

அங்கே பறவைகள் முல்லை நடத்தும் வேளையில் நாம் பரனூரில் மறுபடி பாலை நடத்திக்கொண்டிருப்போம். காலையில் கிளம்பியது மட்டுமல்ல, மதியம் கிளம்பியதும் சேர்த்து, இத்திணையில் கிளம்பல் இரட்டிக்கும் என்க.

விதிவிலக்காகச் சிலர் இருட்டும்வரை கரையிலேயே இருந்துவிடுகிறார்கள். கடைசிக் கூட்டம் இறங்கியதையும் பார்த்துவிட்டு, தென்மாவட்டத்துப் பேருந்துகள் அத்தனையும் சென்னைக்குத் திரும்பும் ஞாயிறு இரவில், கூடுவாஞ்சேரியில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, "நாரை எறங்கினதைப் பாத்தீங்களா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்கிறார்கள். இவர்களைப் புதுத்திணையில் சேர்க்க முடியாது. அளவு மீறிய காதலுக்குத் தொல்காப்பியர் ஏற்கெனவே பெருந்திணை வகுத்திருக்கிறார்.