வண்டி நல்லாத்தான் இருக்கு, போகத்தான் மாட்டேங்குது

ராஜபாளையத்தில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவனிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் பேச்சே தொடங்கும். பதில் சொல்லி முடிக்குமுன், "தீப்பிடிக்கும்ங்கிறாங்களே?" என்பார்கள். அதற்கும் தப்பித்தால், "நடுவழியில சார்ஜ் தீந்துட்டா என்ன பண்ணுவீங்க?" கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். துக்க வீட்டில், மாலையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கேட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போய்த் திரும்ப இந்த வண்டிக்குக் கால்வாசி சார்ஜ் தாராளம். 2022-இல் வரிசையாகச் சில ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய பிறகு, பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதிகளை அரசு கடுமையாக்கிவிட்டது. இப்படிப் பாடம் செய்து வைத்திருந்தேன். பெல்ட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஷோரூம் பையன்கூடச் சொல்லவில்லை. அவன் இந்த வண்டியில் எதெல்லாம் இல்லை என்பதை விரல் விட்டு எண்ணினான். "இன்ஜின் ஆயில் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, ஏர் ஃபில்டர் கிடையாது, சைலன்சர் கிடையாது சார்." கை விரல் தீர்ந்து கால் விரலுக்குப் போகப் பார்த்தான். அத்தனையும் உண்மை. ஆனால் இருப்பதை அவன் எண்ணவில்லை. டயர், பிரேக், பேரிங், ஷாக் அப்சார்பர், பிறகு மோட்டாரின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட். பெட்ரோல் போனாலும் இந்த வம்சம் போகாது, தேய்ந்துகொண்டே இருக்கும். சில மின்சார வண்டிகளில் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் செயின் இருக்கும். என்னுடையது பெல்ட் சாதி. பெட்ரோல் இன்ஜின் சற்று யோசித்துத்தான் வேகம் பிடிக்கும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் கொடுத்துவிடும். பஞ்சு மார்க்கெட் முக்கில் பக்கத்தில் நிற்கும் புல்லட்டை முந்திக்கொண்டு நாம் கிளம்பும்போது, அந்தப் பெருமை முழுவதையும் சுமப்பது இரண்டு விரல் அகலத்தில் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். மைத்துனர் வீட்டு விசேஷம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து உறவினர்கள் பால்கோவாவை அன்பளிப்பாக ஏற்பதில்லை; வரியாக வசூலிக்கிறார்கள். மடவார்வளாகம் தாண்டியதும் முன்னால் ஒரு டிப்பர் லாரி, நெடுஞ்சாலைக்கு ஜல்லியால் அர்ச்சனை செய்தபடி போய்க்கொண்டிருந்தது. என் பின்சக்கரப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி கொஞ்ச தூரம் மரியாதைக்கு உருண்டு, புளியமரத்தடியில் நின்றது.

ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். மோட்டார் 'ஊய்ங்' என்று உற்சாகமாகப் பாடியது. திரையில் வேகம் 45 கிலோமீட்டர். நானோ காலூன்றி நின்றுகொண்டிருந்தேன். மோட்டார் எத்தனை சுற்றுகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடும் வண்டி அது. சக்கரமும் கூட வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. சார்ஜ் 71 சதவீதம். பேட்டரி சூடு சரி. கோளாறு என்று ஓர் எழுத்து கிடையாது. கண்ணைத் திரையில் மட்டும் வைத்திருந்தால் நான் அந்நேரம் ராஜபாளையம் தாண்டியிருப்பேன்.

முதலில் நின்றவர் மாட்டுத் தீவன மூட்டையோடு வந்த பெரியவர். "சார்ஜ் தீந்துருச்சா?"

"இல்லீங்க. 71 இருக்கு."

"அதான் நின்னுருச்சு. நூறு இருந்தாத்தான் ஓடும்போல."

அடுத்து வந்த தம்பதியில் அந்த அம்மா கணவரிடம், "நான் சொல்லல?" என்றார். அவர் என்ன சொல்லியிருந்தார் என்று நான் கேட்கவில்லை, கணவரும் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒருவர், தன் கைப்பேசி சார்ஜரை எடுத்து நீட்டினார். அந்த அன்பை மறுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அறுந்த பெல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் பார்த்தார்கள். "பெல்ட்டும் போச்சா?" என்றார் பெரியவர். அதாவது, சார்ஜோடு சேர்ந்து.

"இதெல்லாம் நேத்து வந்த வண்டி, இன்னும் பழகணும்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். உலகில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் 1899-இல் பிரான்சில் ஓடியது, அது மின்சாரக் கார், ஓட்டியவர் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் என்றெல்லாம் சொல்லத் தோன்றியது. புளியமரத்தடியில் நிற்பவன் ஜெனாட்ஸியைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்று விட்டுவிட்டேன்.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இனிமையான குரல். "உங்கள் வண்டியை இங்கிருந்தே பார்க்கிறோம் சார். வண்டி நன்றாக இருக்கிறது." வண்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது, அது எங்கோ ஒரு நகரத்திலுள்ள கணினிக்கு என் பேட்டரியின் உடல்நிலையை நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. போகத்தான் மாட்டேங்குது."

"ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள் சார்."

பெல்ட் என் கையில் இருந்தது. இருந்தாலும் ஆஃப் செய்து ஆன் செய்தேன். திரை எனக்கு மாலை வணக்கம் சொன்னது. பெல்ட் ஒட்டிக்கொள்ளவில்லை. சர்வீஸ் சென்டர் மதுரையில் என்றும், ஆள் வருவார் என்றும் குரல் உறுதி தந்தது. என்றைக்கு என்பதை மட்டும் இனிமையாகத் தவிர்த்தது.

சாலையோரத்தில் ஒரு பைக் மெக்கானிக் கடை இருந்தது. அவர் எழுந்து வந்தார், பார்த்தார், இரண்டடி பின்வாங்கினார். "கரண்ட் வண்டியில நான் கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி. தூக்கிப் போட்டுரும்." அவர் முன்னால் ஒரு கியரில்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் பிரித்துக் கிடந்தது. அவர் கையில் இருந்ததும் பெல்ட்தான். அந்த வகை ஸ்கூட்டர்கள் எல்லாவற்றுக்குள்ளும் மூடி போட்ட பெட்டியில் ஒரு பெல்ட் ஓடுகிறது; வருஷக்கணக்காக அதை மாற்றுவதுதான் அவர் தொழிலே. "இதுவும் அதேதானே?" என்றேன். "அது பெட்ரோல் பெல்ட்டு அண்ணாச்சி, இது கரண்ட் பெல்ட்டு" என்றார். ரப்பரில் கரண்ட் பாயாது என்று எட்டாம் வகுப்பில் இருவரும் படித்திருப்போம். ஆனால் வண்டியின் பச்சை நம்பர் பலகையைப் பார்த்தால் எட்டாம் வகுப்பு மறந்துவிடுகிறது.

கடைசியில் கல்லூரிப் பையன் ஒருவன், "ஏறி உக்காருங்க மாமா" என்றான். தன் பெட்ரோல் பைக்கில் இருந்தபடியே இடது காலை நீட்டி என் வண்டியின் பின்பக்கத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். பெட்ரோல் தீர்ந்த நண்பனுக்கு நம் ஊர் இளைஞர்கள் காலங்காலமாகச் செய்துவரும் உதவி. சத்தமில்லாமல், புகையில்லாமல், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நான் முன்னால் போனேன். புகை முழுவதும் அவனுடையது. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கையசைத்தேன். வேறென்ன செய்வது?

ராஜபாளையத்தில் என் தெருவில் ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து இந்த ஊரே பஞ்சும் நூலுமாக வளர்ந்தது. வீட்டுக்கு ஒருவர் ஏதாவதொரு மில்லில் ஷிஃப்ட் பார்த்திருப்பார். இவர் பார்த்தது ரிங் பிரேம். அதில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். எல்லாவற்றையும் சுற்ற வைப்பது டேப்பும் பெல்ட்டும் புல்லியும். ஊரிலேயே என்னிடம் சார்ஜைப் பற்றிக் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். பெல்ட்டை வாங்கி மடக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு புல்லியின் பல்லிடுக்கில் விரலை விட்டு, கடலைப் பருப்பு அளவில் ஒரு ஜல்லிச் சில்லை நிமிண்டி எடுத்தார்.

"இந்தா உங்க ஆளு. இவன் உள்ள உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு சுத்துக்கும் பெல்ட்டைக் கடிச்சிருக்கான். இவனை எடுக்காம புது பெல்ட்டு மாட்டினா அதுவும் போயிரும்."

மில் பெல்ட் ஒன்றை வெட்டி மாட்ட முடியுமா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பல்லுக்குப் பல் இடைவெளி, அகலம், நீளம் மூன்றும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் புல்லி பெல்ட்டைத் தின்னும் அல்லது பெல்ட் புல்லியைத் தின்னும் என்றார். "ஜாதகப் பொருத்தம்கூடக் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம்."

பெல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் வண்டி வாசலில் நின்றது. தினமும் காலையில் கைப்பேசிக்கு அதனிடமிருந்து ஒரு செய்தி வரும்: பேட்டரி தயார், இனிய பயணம் அமையட்டும். என் மனைவி அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் காபி தருவாள்.

மதுரையிலிருந்து டெக்னீஷியன் வந்தார். டிப்ளமோ முடித்த, பவ்யமான இளைஞர். பையிலிருந்து முதலில் வந்தது லேப்டாப். வண்டியோடு வயரில் இணைத்தார். வெகுநேரம் பார்த்தார். "எரர் எதுவும் காட்டலையே சார்."

ஃபிட்டர் திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். "தம்பி, கல்லுக்கு அதுல பேரு போட்டிருக்காங்களா?"

"இல்லீங்க ஐயா."

"அப்புறம் எப்படிக் காட்டும்?"

டெக்னீஷியன் நல்ல பிள்ளை. லேப்டாப்பை மூடினார். இருவரும் சேர்ந்து குந்தி உட்கார்ந்து புது பெல்ட்டை மாட்டினார்கள். எவ்வளவு இழுவை வைக்க வேண்டும் என்பதற்குத் தம்பியிடம் கருவி இருந்தது. ஐயாவிடம் கட்டைவிரல் இருந்தது. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதும் தம்பியின் முகத்தில் வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! கல்லடி பட்டது என்பதால் வாரண்டி கிடையாது என்று சொல்லிப் பில்லை நீட்டினார். வேலைத் தாளில் காரணம் என்ற கட்டத்தில், பட்டியலில் கல் இல்லாததால், 'இதர' என்று எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்துக்கு வண்டி நின்றுபோவது ஒன்றும் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர், மரச் சக்கரங்களோடு ஓடிய காலத்தில் ரத வீதி சுற்றி நிலைக்கு வர நாட்கணக்கில் ஆகும். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகுதான் வேகமாக வருகிறது. அந்தக் காலத்தில் தேர் நின்றபோதெல்லாம் ஊர் குனிந்து சக்கரத்தின் அடியில்தான் பார்த்தது. சாமிக்குச் சக்தி தீர்ந்துவிட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. கரண்ட் வண்டி விஷயத்தில்தான் ஊரும் திரையைப் பார்க்கிறது, கம்பெனியும் திரையைப் பார்க்கிறது. குனிகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். குனியத் தெரிந்தவர் இருந்தாலும் கையில் சாமான் கிடைப்பதில்லை. கிளட்ச் கேபிள் வேண்டுமென்றால் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஆணியில் தொங்கும். இந்தப் பெல்ட்டுக்கோ கம்பெனிக்கு விண்ணப்பம் போட வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசு, வாங்கியவரே பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் உண்டு. உரிமை வந்துவிட்டது. பெல்ட்தான் இன்னும் ஆணிக்கு வரவில்லை.

ஆகையால் டெக்னீஷியனைக் கெஞ்சி இன்னொரு பெல்ட் வரவழைத்து வைத்திருக்கிறேன். அதை மடக்கக் கூடாது, நசுக்கக் கூடாது, மேலே எதையும் வைக்கக் கூடாது என்பது ஃபிட்டரின் கட்டளை. சீட்டுக்கு அடியில் முன்பு இரண்டு பால்கோவா டப்பா வைக்க இடமிருந்தது. இப்போது ஒன்றுக்குத்தான் இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறியபோதுகூடக் கலங்காத மைத்துனர் வீடு, இந்தத் தட்டுப்பாட்டைக் கடுமையாக எடுத்துக்கொண்டிருக்கிறது.