கனவான்களின் வாய்தா

பென்ட்லிக்கு அவகாசம் போதவில்லையாம். 2030-க்குள் எங்கள் கார் எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடும் என்று 2020-ல் தம்பட்டம் அடித்த கம்பெனி, 2024 நவம்பரில் அதை 2035-க்குத் தள்ளிவிட்டது. திட்டத்தின் பெயர் 'பியாண்ட் 100'. தேதியைத் தள்ளியதும் 'பியாண்ட் 100 பிளஸ்' ஆக்கினார்கள். கெடு தவறிவிட்டு, மார்க் ஷீட்டில் தானே ஒரு பிளஸ் போட்டுக்கொள்ளும் தைரியம் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வரும்?

மெர்சிடஸ் இன்னும் கெட்டி. 2030-க்குள் முழுக்க மின்சாரத்துக்குத் தயார் என்று 2021-லேயே சொன்னது; கூடவே 'சந்தை நிலவரம் இடம் கொடுத்தால்' என்று ஓர் ஒட்டுவால். உலகம் முன்பாதிக்குக் கை தட்டியது. 2024 பிப்ரவரியில் கம்பெனி பின்பாதியை எடுத்து நீட்டியது. இப்போது விற்பனையில் பாதி வரை வந்தால் போதுமாம், அதிலும் பெட்ரோல் டேங்க் வைத்த ஹைப்ரிட் சேர்த்தி.

கேட்டால், வாடிக்கையாளர் தயாராக இல்லை என்கிறார்கள். யார் அந்த அப்பாவி? சீட்டுத் தையலுக்கு என்ன நிறத்தில் நூல் என்று யோசித்து, விலையைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர். சார்ஜரை எங்கே மாட்டுவது என்று அடுக்குமாடியில் ஒண்டிக் குடியிருக்கிறவன் கேட்டால் நியாயம் உண்டு. நாலு கார் நிற்கும் ஷெட் வைத்திருப்பவருக்கு என்ன கேடு? சீனாவில் செல்போன் விற்கிற ஷாவ்மி 2024-ல் தன் முதல் மின்சாரக் காரை இறக்கி, அந்த வருஷமே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அதே சீனாவில் போர்ஷேயின் விற்பனை 2021-ல் 95 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 2024-ல் 57 ஆயிரம்கூட இல்லை.

போர்ஷே சும்மா இருந்துவிடவில்லை. சிலியின் தென்கோடியில், புன்டா அரினாஸ் பக்கம், காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனோடு கரியமில வாயுவைக் கூட்டிப் பெட்ரோல் காய்ச்சும் ஆலையில் பணம் போட்டது. அந்த மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் கார் பல மடங்கு தூரம் ஓடும். ஓடட்டும், உறுமல் கேட்காதே! 2022 டிசம்பரில் திறந்த ஆலைக்கு முதல் கட்ட இலக்கு ஆண்டுக்கு 1,30,000 லிட்டர். 64 லிட்டர் டேங்கை ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை நிரப்பலாம். அந்த ஆண்டு போர்ஷே விற்ற கார்களோ மூன்று லட்சத்துக்கு மேல்.

இந்தச் சொட்டு எண்ணெயைக் காட்டித்தான், 2035-ல் புகை கக்கும் புதுக் கார்களை நிறுத்தும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தை ஜெர்மனி 2023 மார்ச்சில் கடைசி நேரத்தில் மறித்து, செயற்கை எரிபொருளுக்கு விலக்கு வாங்கியது.

ஹைப்ரிட் மகத்துவம் வேறு. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சோதனைக்கூடத்தில் காட்டியதைப்போல் மூன்றரை மடங்கு கரியமில வாயுவைச் சாலையில் விடுகின்றன என்று ஐரோப்பிய ஆணையமே 2024-ல் கணக்கு வெளியிட்டது. சோதனைக்கூடத்தில் யோக்கியன், சாலையில் வேறு ஆள். இந்த வித்தை புதிதல்ல. உலகம் முழுக்க 1.1 கோடி டீசல் கார்களில் ஏமாற்று மென்பொருள் வைத்து 2015-ல் மாட்டிய ஃபோக்ஸ்வேகன் வீட்டுப் பிள்ளைகள்தான் பென்ட்லியும் போர்ஷேயும்.

அந்த வீட்டார் மனம் நோகக் கூடாதே! 2035-ல் புகையை நூறு சதவீதம் குறைக்க வேண்டாம், தொண்ணூறு குறைத்தால் போதும் என்று 2025 டிசம்பரில் ஆணையமே இறங்கி வந்து முன்மொழிந்தது. அதுவும் போதாது என்று ஜெர்மன் கார் தயாரிப்பாளர் சங்கம் கோபித்துக்கொண்டது.