இளநிக்கு ஸ்ட்ரா ஆகாது மருமவனே

வாங்க மாப்பிள்ளை தொரை, திண்ணையில உக்காருங்க. தாய்லாந்துல புக்கெட்டுத் தீவுக்குப் போறியாமே? அக்கா போன்ல சொன்னா. ரெண்டு பல்லு கட்டணும், கையோட கடல்லயும் குளிக்கணும். போறதுதான் போறோம்னு அம்மைக்கும் அங்கனயே முட்டி மாத்திரணும். எல்லாம் ஒரே பேக்கேஜு! கெட்டிக்காரன்ல நீ. உங்க அப்பனுக்கு இந்தப் புத்தி வரலையே.

நான் ஆகாதுங்க மாட்டேன். தாராளமாப் போ. போயி என்ன செய்வன்னு மட்டும் கேட்டுக்கோ.

பல்லப் புடுங்குன குழியில ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும். புண்ணு ஆறதே அதை வச்சுத்தான். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுனேன்னா கட்டி பேந்து வந்துரும். எலும்பு வெளிய தெரிஞ்சு காது வரைக்கும் வலி ஏறும். அதனால கடக்கரையில இளநி வாங்குனா டம்ளர் கேட்டு வாங்கு. போட்டோவுக்கு நல்லா இருக்காது, என்ன செய்ய? பீரு கூடாது, சிகரெட்டு கூடாது. பொண்டாட்டி பொரிச்ச இறாலைக் கடிச்சுக்கிட்டு இருப்பா. நீ ஆறுன கஞ்சியை அலையைப் பாத்துக்கிட்டே குடி.

அதோட முடிஞ்சுதா? தாடையில முடுக்குற ஸ்குரூவை எலும்பு கவ்விப் பிடிக்க, பெரும்பாலும் 3 மாசத்துல இருந்து 6 மாசம் ஆகும். அதுக்குப் பொறவுதான் மேல பல்லு மாட்டுவான். அதுவரைக்கும் ஊர்ல வாயைப் பொத்திக்கிட்டுச் சிரி, பொறவு மறுபடியும் பிளேன் ஏறு. "ரெண்டாந்தடவையும் கடல் பாக்கலாமே மாமா"ங்க. டிக்கெட்டுக் காசை யாரு தருவா, ஒம் மாமனாரா?

ஜூன்ல போறதாக் கேள்வி. ரூம் வாடகை பாதிதான்னு பீத்துத. ஏன் பாதின்னு கேட்டியால? மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் அந்தத் தீவுக்கு மேகாத்து மழைக்காலம். மேற்குக் கரையில அலை அடிச்சு எறியும், எறங்காதேன்னு செங்கொடி நட்டு வச்சிருப்பான். அதே ஜூன்ல இங்கன குத்தாலத்துல சாரல் தூத்தும், எண்ணெய் தேய்ச்சுவிட ஆளும் உண்டு. ஆனா அதை ஆபீஸ்ல சொன்னா எவன் வாயைப் பொளப்பான்?

அம்மை கதைக்கு வாரேன். முட்டி மாத்துனவ மறுநாளே வாக்கரைப் பிடிச்சு நடந்து பழகணும். மணல்ல வாக்கரை ஊனுனா என்ன ஆகும்னு நீயே யோசி. முட்டி, இடுப்பு மாத்துனவங்க 3 மாசம் பிளேன் ஏறாம இருக்கது நல்லதுன்னு இங்கிலாந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்காரங்களே சொல்லுதாவ. காலை மடக்கி உக்காந்தே வந்தா ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறிரும்னு பயம். அதுவரைக்கும் அவளை அந்தத் தீவுலயே குடி வைக்கப் போறியா?

இந்த வெளிநாட்டு வைத்திய யாவாரம் எப்படித் தொடங்குச்சு தெரியுமா? 1997-ல தாய்லாந்துக்காரன் பணமான பாட் தடால்னு விழுந்துச்சு. உள்ளூர்ப் பணக்காரனே ஆஸ்பத்திரிக்கு வர யோசிச்சான். பாங்காக்குல பும்ருங்ராட் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க, படுக்கை காலியாக் கெடக்கேன்னு வெளிநாட்டான் பக்கம் திரும்புனாவ. வைத்தியம் மோசம்னு நான் சொல்லல, நல்ல கைக்காரங்கதான். கடலையும் சேத்துக் கட்டி விக்கான் பாரு, அங்கதான் சூட்சுமம்.

ஒரு வேடிக்கை. நம்மாளு தேன்நிலவுக்கு மாலத்தீவுக்குப் பறக்கான். அந்த மாலத்தீவுக்காரன் ஒடம்புக்கு முடியலன்னா திருவனந்தபுரத்துக்கு வந்து, ஆஸ்பத்திரிப் பக்கமா வீடு பிடிச்சுத் தங்கி வைத்தியம் பாக்கான். சுத்திலும் கடலை வச்சிருக்கவன், வைத்தியத்துக்கு வரையில கடலைக் கூட்டிக்கிட்டு வரலையே! மெட்ராஸ்ல 1983-ல அப்பல்லோ வந்த கிரீம்ஸ் ரோட்டுக்குப் போயிப் பாரு. வங்காளத்து சனம் ஸ்கேன் கவரும் கையுமா நடக்கும். எவனும் மெரினாவுல பட்டம் விட வரல.

"நம்ம ஊருக்கு மட்டும் என்ன மாமா"ன்னு மொறைக்க. சரிதாம்ல. சங்கரநாராயணர் கோயிலுக்கு எத்தனை ஊர்ல இருந்து நோய்க்காரங்க வந்தாவ! புத்து மண்ணை நெத்தியில பூசி, துளி நாக்குல வச்சு, தகட்டுல செஞ்ச பாம்பையும் தேளையும் உண்டியல்ல போட்டு, ஆடித்தபசையும் பாத்து, வளையலும் வாங்கிட்டுப் போனாவ. வைத்தியத்தையும் திருவிழாவையும் சேத்தது நாமதான். ஆனா எவனையும் கத்தி வச்சுக் கிழிக்கலையே. புத்து மண்ணு பூசுனவன் மறுநாளே ராட்டினத்துல ஏறலாம், நீ ஏறுவியா? அதுக்காகப் பல்லுக்குப் புத்து மண்ணைத் தேச்சுறாத. அதுக்கு டாக்டர்தான்.

இம்புட்டும் கேட்டும் போவேன்னா, ரெண்டு காரியம். எந்தக் கம்பெனி ஸ்குரூ, என்ன சைஸுன்னு சீட்டு வாங்கு, எக்ஸ்ரேயும் வாங்கு. இல்லைன்னா நாளைக்குச் சீழ் பிடிச்சா திருநெல்வேலி டாக்டர் அதுல கை வைக்க யோசிப்பாரு. பயண இன்சூரன்ஸ் தாளையும் படி. நீயாப் போயிச் செஞ்சுக்கிட்ட வைத்தியத்துக்கு அவன் பெரும்பாலும் காசு தர மாட்டான்.

அம்மையை இங்க விட்டுட்டுப் போ. மதுரையில காட்டி முட்டிய நான் பாத்துக்கிடுதேன். பல்லு முழுசா மாட்டி முடிச்ச அன்னைக்கு ஒரு போன் போடு. சுல்தான் கடை பிரியாணி வாங்கி வைக்கேன். காசு உன்னது. நல்லி எலும்பைக் கடிச்சுக் காட்டு, அப்போ நம்புதேன்.