கல்லைக் கண்டால் கிட்னியைக் காணோம்

கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால் போதும். திண்டிவனம் பஸ் வருவதற்குள் நாலு வைத்தியமும், எதிர்ப்பக்கம் புதுச்சேரி பஸ் வருவதற்குள் இன்னும் நாலும் கிடைத்துவிடும். வாழைத்தண்டுச் சாறு என்பார் டீக்கடைக்காரர். சிறுபீளையை வேரோடு பிடுங்கிக் கஷாயம் வைக்கச் சொல்வார் பூக்கார அம்மா. நெருஞ்சி என்பார் இன்னொருவர். மிதித்தால் செருப்பையே துளைக்கிற முள், குடித்தால் கல்லைத் துளைக்காதா என்பது அவர் வாதம். கடைசியில், யாரும் கேட்காமலே, ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்துவார்: "பீர் சாப்பிடு தம்பி. அடிச்சிக்கினு போயிடும்."

கடைசியாகச் சொன்ன வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் தனி மரியாதை. காரணம் பூகோளம். ரோட்டின் ஒரு முனையில் புதுச்சேரி. அந்த மருந்து சீட்டில்லாமல், சகாய விலையில் கிடைக்கிற ஊர். என் மாமா ஒருவர் கல்லே இல்லாத காலத்திலும் கல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், "வராம இருக்கத்தான்டா" என்பார். பீர் குடித்தால் சிறுநீர் கூடுதலாகப் போவது உண்மைதான். போன பிறகு உடம்பு வறண்டு கிடக்கும், வறண்ட உடம்பில்தான் கல் சுலபமாகக் கட்டும் என்ற பின்பாதியை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் ஏறாத வயது.

கல்லுக்கு இத்தனை வைத்தியர்கள் கிடைப்பதற்குக் காரணம், அது வலிக்கிறது. ஆளைத் தரையில் உருட்டுகிறது. கிட்னி கெட்டுப்போவதோ பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஏறக்குறைய முழுவதையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் போல வெளியே அனுப்புகின்றன. பஞ்சாயத்து மோட்டார் ஒரு வேளை நின்றால் ஊரே குடத்தோடு ரோட்டுக்கு வரும். இங்கே பாதி வேலை நின்றாலும் ஒரு குடம்கூட வெளியே வராது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதே பெரும்பாலும் அதற்கப்புறம்தான். செத்த வடிகட்டி மறுபடி முளைக்காது; எந்தக் கஷாயத்துக்கும் முளைக்காது.

யார் கெடுப்பது என்று பார்த்தால், முதல் இரண்டு இடமும் சுகருக்கும் பிபிக்கும். இவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய குற்றவாளிகள். நான் சொல்ல வருவது காகிதத்தில் மடித்து வருகிற ஆளைப் பற்றி. நடவு, களையெடுப்பு முடிந்து வருகிற பெண்கள் மெடிக்கலில் நின்று, "ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே" என்பார்கள். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்னது. அதில் ஒன்று டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையாக இருக்கும். அது கிட்னிக்குப் போகிற ரத்தக் குழாயைச் சுருக்கும். வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் இல்லாத நேரத்தில் அதை விழுங்குவதுபோல கெடுதல் வேறில்லை. எப்போதாவது ஒன்று போட்டால் பரவாயில்லை. தினம் காபிக்குப் பிறகு வெற்றிலைபோலப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து, அந்த வெயிலுக்கும் கிட்னி பாதிப்புக்கும் உள்ள உறவை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். 'தினம் மூன்று லிட்டர் குடியுங்கள்' என்று அவர்களுக்குப் புத்தி சொல்கிறவர் முதலில் ஒரு கதவு போட்டுக் கொடுக்கட்டும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அந்த உப்பு எங்கள் தட்டுக்கு வந்ததும் சிரிப்பு திரும்பி வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமாவின் காலைப் பழைய சோறும் மாங்காய் ஊறுகாயுமே அந்தக் கணக்கை முடித்துவிடும். மத்தியானக் கருவாடு கடன்.

"தண்ணி நல்லா குடி" என்பது கல் உள்ளவருக்குச் சரியான பேச்சு. கிட்னி படுத்துவிட்டவருக்கு டாக்டர் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்துதான் கொடுப்பார். ஊருக்கு இந்த வித்தியாசம் புரியாது. உறவில் ஒருவர் டயாலிசிஸில் இருந்தபோது, பார்க்கப் போன எங்கள் ஆட்கள் ஒரு குலை இளநீரையும், மடியில் கிடத்தி எடுத்துப் போன தர்பூசணியையும் கட்டிலடியில் இறக்கினார்கள். எங்கள் பக்கத்துத் தர்பூசணி, பாசத்தோடு வந்தது. இரண்டிலும் பொட்டாசியம், வேலை செய்யாத கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது, ஏறினால் இதயமே நின்றுபோகலாம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "பார்க்க வந்தீங்களா, அனுப்பி வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பழத்தை வார்டு வாசலில் உட்கார்ந்து எங்கள் ஆட்களே தின்று தீர்த்தார்கள்.

சத்தமில்லாத இந்த வியாதியைப் பிடிக்கிற வழி ரொம்ப மலிவானது. சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி 1990-களிலேயே கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் வீடு வீடாக ஆளனுப்பினார். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா, பிபி எவ்வளவு, அவ்வளவுதான் சோதனை. இருந்தால் விலை குறைந்த மாத்திரை. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023-இல் அரசு சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. மஞ்சள் பட்டை கொண்ட ஒரு குச்சியை நனைக்க வேண்டும். புரதம் இருந்தால் பச்சையாக மாறும். ஊசி இல்லை, வலி இல்லை. வலி இல்லாததால்தான் எங்கள் ஊரில் இதற்கு மதிப்பும் இல்லை.

இந்தச் சோதனைக்கு மாமாவைச் சம்மதிக்க வைக்க அத்தை சாப்பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது. காலையில் முதலில் போகிற சிறுநீர்தான் வேண்டும் என்று திண்டிவனத்து லேப்பில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் மூடியோடு கிடைத்த ஒரே பாட்டில், மாமாவின் பழைய வைத்தியம் பீரைத் தாண்டிப் போனபோது மிச்சமான குவாட்டர் பாட்டில். அதை வேட்டியில் செருகிக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார்.

புதுச்சேரியிலிருந்து வருகிற ரோட்டில் அப்படி ஒரு பாட்டிலோடு போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மதுவிலக்குச் சோதனையில் நிறுத்தினார்கள்.

"இன்னா பெருசு, பாண்டி சரக்கா?"

"இல்ல சார், சொந்தத் தயாரிப்பு."

அது இன்னும் பெரிய கேஸ் என்பது மாமாவுக்கு உறைக்கவில்லை. காவலர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிராந்தி. மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோவதற்குள் நான் லேப் சீட்டை நீட்டிவிட்டேன். அவர் படித்தார். பாட்டிலைக் கையை நீட்டியபடியே, உடம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே மெதுவாகக் கேட்டார்:

"எனக்கும் எட்டு வருஷமா சுகரு. இத எங்க டெஸ்ட் பண்றாங்க?"

மாமா இடம் சொன்னார். வண்டி நகர்ந்த பிறகும் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "சார், பாட்டில நல்லா கழுவிட்டு எடுத்துக்கினு போங்க!"