மூட்டையாங்கம்: யோகத்தில் விடுபட்டுப்போன ஒன்பதாம் அங்கத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

யோகத்துக்கு அங்கங்கள் எட்டு என்று பதஞ்சலி வகுத்துவைத்ததையும், திருமூலர் தம் நூலின் மூன்றாம் தந்திரத்தில் அவ்வெட்டையே எடுத்து விரித்ததையும் அறிஞருலகம் நன்கறியும். இயமம், நியமம் என்று தொடங்கிச் சமாதியில் முடிகிற அந்த வரிசை கேட்பதற்கு நிறைவாகவே இருக்கிறது, ஆயினும் லண்டனிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ ரிஷிகேசத்துக்கு யோகம் பயிலப் புறப்பட்ட சாதகன் ஒருவனைப் பிடித்து நிறுத்தி, “ஐயா, இவ்வெட்டில் எது உம்மை அதிகம் வருத்திற்று?” என்று கேட்டால், அவன் எட்டில் ஒன்றையும் சொல்லாமல், “பெட்டி கட்டினதுதான்” என்றே விடையிறுப்பான். சித்தத்தின் அலைகளை அடக்கும் உபாயத்தை 196 சூத்திரங்களில் (சிலர் கணக்கில் 195) சொல்லி முடித்த முனிவர், அந்த உபாயத்தைத் தேடிக் கடல் கடப்பவன் எத்தனை ஜோடிக் காலுறை எடுத்துச் செல்லவேண்டும் என்பதைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யாது விட்டது, அவர் காலத்தில் இத்தேசத்தார் காலுறை அணியாமையால் நேர்ந்த குறையே யன்றி வேறன்று. அக்குறையை நிரப்பி, பெட்டி கட்டுதலை யோகத்தின் ஒன்பதாவது அங்கமாகவும், அனுஷ்டான வரிசையில் முதலாவதாகவும் நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு எழக்கூடிய பூர்வபக்ஷத்தை முதலில் எதிர்கொள்வோம். இயமங்கள் ஐந்தனுள் கடைசியாக நிற்பது அபரிக்கிரகம், அதாவது பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளாமை. பெட்டி என்பதோ பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட சாதனம். ஆகவே பெட்டி யோகத்துக்குப் பகையாகுமே யன்றி அங்கமாகாது என்பர் பழமைவாதிகள். வாதம் பார்வைக்கு வலுவானதே. ஆனால் அபரிக்கிரகத்தில் நிலைபெற்றவனுக்குத் தன் பிறவிகளின் வரலாறு விளங்கும் என்று யோக சூத்திரம் இரண்டாம் பாதத்தின் 39ஆம் சூத்திரம் பலன் கூறுகிறதே, அதைச் சோதித்துப் பார்க்க இவர்கள் வைத்திருக்கும் கருவி யாது? விமான நிலையத்துத் தராசு 23 கிலோவுக்கு மேல் காட்டிவிட்டதால், வரிசையை விட்டு விலகி, தரையில் மண்டியிட்டு, அத்தனை பேர் பார்க்கப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் சாதகனைக் கூர்ந்து நோக்குவோர், அச்சூத்திரம் எதிர்மறை முகமாக நிரூபணமாவதைக் கண்ணாரக் காணலாம்: தலைமயிர் உலர்த்தும் இந்த இயந்திரத்தை என்ன சங்கல்பத்தோடு உள்ளே வைத்தோம் என்ற நேற்றைய வரலாறே அவனுக்கு விளங்கவில்லை, பூர்வ ஜன்மம் எங்ஙனம் விளங்கும்? ஆகவே பெட்டியின்றி அபரிக்கிரகத்துக்குப் பரீட்சை இல்லை. பரீட்சைக் கருவியை அங்கமென்று ஒப்புவதில் பிழையும் இல்லை.

இனிச் சரித்திரச் சான்றுகள். மேல்நாட்டாருக்கு யோகத்தை எடுத்துச் சென்றோரில் முன்னோடியான சுவாமி விவேகானந்தர், 1893 மே 31ஆம் தேதி பம்பாயில் கப்பலேறினார். அந்தப் பிரயாணத்துக்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலான அன்பர்கள் வீடுவீடாகச் சென்று சந்தா வசூலித்ததும், கேத்திரி அரசர் முதல் வகுப்பு டிக்கெட்டும் பட்டு அங்கியும் உதவியதும் பிரசித்தமானவை. தண்டும் கமண்டலமும் ஓரிரு புத்தகங்களுமாகத் தேசமெல்லாம் நடந்து திரிந்த அத்துறவிக்கு, டிரங்குப் பெட்டியையும் தோல்பையையும் காவல் காக்கும் உத்தியோகம் முதன்முதலாக வாய்த்தது. தம் சக்தியில் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது என்று அவர் அலுத்துக்கொண்டதாக அவர் வாழ்க்கையை எழுதினோர் குறிக்கின்றனர். இத்தனை பெட்டி இருந்தும், யோகஹாமாவிலிருந்து வான்கூவருக்குப் பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கையில் அவர் குளிரில் நடுங்கவே நேர்ந்தது. ஏனெனில் பெட்டிக்குள் பட்டு இருந்தது, கம்பளி இல்லை. அனுப்பிவைத்தவர்கள் சென்னைப் பட்டணத்தார் என்பதையும், ஜூலை மாதத்தில் ஒருவனுக்குக் கம்பளி வேண்டியிருக்கும் என்று சொன்னால் அவர்கள் சிரித்திருப்பார்கள் என்பதையும் கருதும்போது, எவரையும் குறை சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

எதிர்த்திசையில் வந்தவர்களுக்குச் சிறந்த உதாரணம் 1968ஆம் வருஷத்துப் பிப்ரவரி மாதத்தில் கிடைக்கிறது. பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலச் சங்கீதக் குழுவினர் நால்வரும், ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குத் தியானம் பயில வந்தபோது, அவர்களுள் டிரம் வாசிப்பவரான ரிங்கோ ஸ்டார், ஒரு பெட்டி நிறையத் துணியும், மற்றொரு பெட்டி நிறையத் தக்காளிச் சாற்றில் வேகவைத்து டப்பாவில் அடைத்த பீன்ஸும் கொண்டுவந்தார். சிறு பிராயத்தில் கடுமையான வயிற்று நோயால் மரணத்தின் வாயில்வரை போய் மீண்டவர் அவர். காரமும் மசாலாவும் அவருக்கு ஆகா. ஆகவே இதை நகைப்பவர்கள் நகைக்கட்டும், மூட்டையாங்க சாஸ்திரத்தின்படி அது முழுமுதல் விவேகமே. என்ன பயன்? டப்பாக்கள் பசியைத் தீர்த்தன. பூச்சிகளைக் கண்டு நடுங்கிய அவர் மனைவியின் பயத்தைத் தீர்க்கவில்லை. ஏறத்தாழப் பத்து நாளில் இருவரும் ஊர் திரும்பினர். பால் மக்கார்ட்னி ஒரு மாதத்துக்கு மேலும், ஜான் லென்னனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரல் நடுப்பகுதி வரையும் தங்கினர். இவர்கள் பீன்ஸ் கொண்டுவந்ததாக எவரும் எழுதிவைக்கவில்லை. கித்தார் கொண்டுவந்தார்கள், அவ்வருஷம் நவம்பரில் வெளிவந்த இரட்டை இசைத்தட்டின் பாட்டுகளில் பல அங்கே பிறந்தன. டப்பாவுக்கும் தங்கும் காலத்துக்கும் எதிர்விகித சம்பந்தம் உண்டென்று இதைக்கொண்டு விதி செய்யலாமா என்றால், செய்யலாகாது. நான்கு பேரை வைத்து விதி செய்வது ஆராய்ச்சி நெறியன்று. ஆனால் ஆசை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இப்போது இவ்வியலின் ஜீவாதாரமான விஷயத்துக்கு வந்துவிட்டோம். அது பாய். யோகி அமரும் ஆசனம் மிக உயரமாகவும் இன்றி மிகத் தாழ்வாகவும் இன்றி, தர்ப்பையும் மான்தோலும் துணியும் ஒன்றன்மேலொன்றாய் விரித்தமைக்கப்பட வேண்டும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் காட்டும் முறை. இம்மூன்றில் மான்தோலைத் தூக்கிக்கொண்டு இன்று எந்தச் சுங்கச் சாவடியைக் கடக்க முயன்றாலும், வனவிலங்குச் சட்டத்தின் பிரகாரம் சாதகன் யோகத்தைச் சிறையில் பயில வேண்டியிருக்கும். ஆகவே உலகம் வேறு வழி தேடிற்று. பி.கே.எஸ். ஐயங்காரிடம் பயின்ற ஏஞ்சலா ஃபார்மர் என்னும் ஆசிரியை, இளம் வயதில் நடந்த ஒரு சிகிச்சையின் விளைவாகக் கைகால்களில் வியர்வை சுரக்காமல், தரையில் பிடிப்பின்றி வழுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஜெர்மனியில் வகுப்பு நடத்தப் போனவிடத்தில், கம்பளம் நகராதிருக்க அதன் அடியில் விரிக்கும் மெத்தென்ற விரிப்பில் ஒரு துண்டை எடுத்து, அதன்மேல் நின்று பார்த்தார். கால் ஊன்றி நின்றது. கம்பளத்துக்கு அடியில் கிடந்தது அன்று முதல் யோகிக்கு அடியில் வந்து, பிறகு அவன் முதுகின்மேலும் ஏறிவிட்டது. சுமார் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள அப்பாயைச் சுருட்டி, தோள்மூட்டைக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு விமானத்தின் நடைவழியில் ஒருவன் திரும்பும்போது, இருபுறமும் அமர்ந்திருப்பவர்கள் தலைகுனிகிறார்களே, அது பக்தியால் அன்று.

இதில் நம்மவர் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. ரிஷிகேசத்தில் 1936ஆம் வருஷம் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவி, கடல் கடந்த சாதகர்களுக்கு அவ்வூரை அறிமுகப்படுத்தியவர்களுள் தலையாயவரான சுவாமி சிவானந்தர் பிறந்தது, திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையில். பத்தமடைக்குப் புகழ் பாயினால். தாமிரபரணி நீரில் ஊறவைத்த கோரையை மயிரிழையாகக் கிழித்து அவ்வூரார் நெய்யும் பட்டுப்பாய், மடித்தால் ஒரு சிறு பேழைக்குள் அடங்கும். மிக மெல்லிய பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து புறப்பட்ட ஒருவர் கங்கைக் கரையில் ஆசிரமம் அமைக்க, அங்கே வருகிறவர்கள் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ரப்பர்ப் பாயைச் சுமந்துகொண்டு வருவதை நோக்கினால், பெட்டி விஷயத்தில் நம் தேசத்தார் பிரசாரம் செய்யத் தவறிவிட்டனர் என்றே தோன்றுகிறது. பட்டுப்பாயில் நின்று காலை அகற்றினால் வழுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பதஞ்சலியோ ஆசனத்துக்கு மூன்றே சூத்திரங்களை ஒதுக்கி, ஸ்திரமாகவும் சுகமாகவும் இருக்கும்படி சொன்னாரே தவிர, காலை அகற்றச் சொல்லவில்லை. நடைமுறைக்கு வேண்டிய முடிபு இது: ரிஷிகேசத்து யோகசாலைகளில் பெரும்பாலானவை பாயைத் தாமே தருகின்றன, முன்கூட்டி ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, அதன்மேல் விரிக்க ஒரு பருத்தித் துணி கொண்டுபோனால் போதும். இவ்வளவு எளிதான முடிபை எவரும் ஏற்பதில்லை.

அனுமதிப் பத்திரங்களில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லத்தக்கதாகவும், முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்கவேண்டும். இந்திய சர்க்கார் தரும் மின்னணுச் சுற்றுலா விசாவில், ஊர் சுற்றுதலோடும் உறவினரைக் காணுதலோடும், குறுகிய கால யோகப் பயிற்சியும் அனுமதிக்கப்பட்ட காரியங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளது. குறுகிய காலம் என்ற அடைமொழி ஆழ்ந்த விசாரணைக்கு உரியது. 30 நாள் விசாவில் வந்த ஒருவர் 29ஆம் நாள் இரவு சமாதியில் அமர்ந்து, 31ஆம் நாள் காலையில் கண் விழித்தாரானால், இடைப்பட்ட காலத்தில் அவர் காலத்தைக் கடந்திருந்தார் என்பதைக் குடிவரவு அதிகாரி ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே அத்தகைய உத்தேசம் உள்ளவர்கள் ஓராண்டு விசாவுக்கே விண்ணப்பிப்பது நலம்.

உடையைப் பொறுத்தமட்டில், தோளும் முழங்காலும் மறையும் தளர்ந்த பருத்தி ஆடைகள், பயிற்சிக் கூடத்தில் அணியும் இறுக்கமான உடைமேல் தெருவில் போர்த்திக்கொள்ள ஒரு சால்வை, குனியாமல் கழற்றி மாட்டத்தக்க செருப்பு இவை போதும். டிசம்பர், ஜனவரியில் வருவோர் விவேகானந்தரை நினைத்துக்கொண்டு கம்பளியும் வைக்கவேண்டும். டைபாய்டுக்கும் மஞ்சள்காமாலைக்கும் தடுப்பூசியைப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டுக்கொள்ளவேண்டும் என்பது மேல்நாட்டு வைத்தியர்களின் துணிபு. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பற்றி அவர்களும் நம் பாட்டிமார்களும் ஒருமித்த கருத்துடையவர்கள். மது, மாமிசம் இரண்டும் ரிஷிகேசத்துக் கடைகளில் பெரும்பாலும் கிடையா. மின்சாரச் சிகரெட்டு இத்தேசத்தில் 2019 முதல் தடை செய்யப்பட்டது. சாட்டிலைட் டெலிபோனை முன் அனுமதியின்றிக் கொண்டுவந்தால் போலீஸாரின் விருந்தினராக நேரிடும்.

மின்சார விஷயம் சற்று வேறு. புலன்களை வெளியுலகிலிருந்து மீட்டு உள்ளே இழுப்பதே பிரத்தியாகாரம் எனப்படும் ஐந்தாம் அங்கம். அதைப் பயில வருகிற ஆங்கிலேய சாதகனின் கைப்பையைத் திறந்தால், டெலிபோன் ஒன்று, அதற்கு மின்சாரம் ஊட்டும் கம்பி ஒன்று, கம்பி பழுதானால் உதவ மற்றொரு கம்பி, மின்சாரம் போனால் உதவ ஒரு சேமிப்புக் கலம் என்று, புலன்கள் உள்ளே போய்விடாதபடி காவல் நிற்கும் படையொன்று காணப்படுகிறது. அந்தச் சேமிப்புக் கலத்தைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கலாகாது என்பது விமான விதி. இத்தனையும் செய்துவிட்டு, இங்கிலாந்துச் செருகியின் தட்டையான மூன்று கால்கள் நம் சுவரிலுள்ள வட்டத் துளைகளில் நுழையா என்ற ஒன்றை மட்டும் அவன் மறந்திருப்பான். அன்று இரவு அவனுக்குப் பிரத்தியாகாரம் தானே ஸித்திக்கிறது. இதைக் கருதியே, இணைப்புச் செருகியை எடுத்துவைக்கும்படி உபதேசிப்பதா வேண்டாமா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பெட்டிக்குச் சக்கரம் வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் இல்லை, வேண்டாம். டில்லியிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் மோட்டாரில் வந்தாலும், ஜாலி கிராண்ட் விமான நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் வந்தாலும், ஆசிரமங்களில் பல கங்கையின் அக்கரையில் இருப்பதால், கடைசியில் ராம் ஜூலா என்னும் தொங்கு பாலத்தின் முன்னே வண்டிக்காரர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வாடகைக்குக் கை நீட்டுவதே பெரும்பாலும் நடக்கிறது. 1986இல் கட்டப்பட்ட அப்பாலம் சுமார் 750 அடி நீளம். நடந்து செல்வோருக்கு உரியது. நடுப்பாலத்தில் ஒரு பசு குறுக்கே நிற்கிறது. பின்னால் ஸ்கூட்டர்காரன் ஒருவன் விடாமல் ஒலி எழுப்புகிறான். எதிரே ஒரு கல்யாணக் கூட்டம் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பியில் அமர்ந்த குரங்கு பெட்டியின் வெளிப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தை அளவெடுக்கிறது. பாலம் அசைய, சக்கரம் ஒரு பக்கமும் சாதகன் ஒரு பக்கமும் இழுக்க, அவன் கடைசியில் அப்பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறான். ஹட யோகிகள் ஆசனங்கள் 84 என்பர். பாதி மூடிய பெட்டியின்மேல் ஏறி அமர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஜிப்பை இழுக்கும் நிலையை 85ஆவதாகவும், பாலத்தின்மேல் இவன் நடக்கும் இந்நிலையை 86ஆவதாகவும் சேர்த்துக்கொள்ளலாம்.

திரும்பும் பிரயாணத்தின் பெட்டி தனி ஆராய்ச்சிக்கு உரியது. உருத்திராட்ச மாலை, பித்தளைக் கிண்ணம், காவித் துணி, ஒருபோதும் ஏற்றப்படாத ஊதுவத்தி ஆகியவற்றால் வந்ததைவிட அது கனத்திருக்கும் என்பதை மட்டும் இங்கே குறித்து, அதில் தீராத தத்துவச் சிக்கல் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலத்தில் திரவம் எதுவும் கொண்டுபோகலாகாது என்பது விமான விதி. செப்புச் சொம்பில் அடைத்து ஈயத்தால் மூடிய கங்கா ஜலம் திரவமா அன்றா என்பதில் யாத்திரிகர்கள் இரு பிரிவினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். அது தீர்த்தமே யன்றித் திரவமன்று என்பாரும், திரவமாகவே இருந்து தீர்த்தமாகவும் விளங்குகிறது என்பாரும் வரிசையில் நின்று தர்க்கித்துக்கொண்டிருக்க, பாதுகாப்பு அதிகாரி இரு சாராரின் சொம்பையும் வாங்கிப் பக்கத்திலிருந்த நீலத் தொட்டியில் வைத்துவிட்டு, அடுத்தவரை வரச்சொன்னார்.