எட்டாக் குறியியல்: காட்டுப்பள்ளி டீக்கடைப் பெஞ்சை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

1. தோற்றுவாய்

காட்டுப்பள்ளியில் வேட்டை கிடையாது. வேட்டைக்காரர்களுக்குக் குறைவு கிடையாது. முதலாவதற்குக் காரணம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இரண்டாவதற்குக் காரணம் காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். நடுவே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடத்தில் இருக்கிறது ஊர். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை ஒன்று 2010 முதல் இங்கே உண்டு. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துவிடுகிறார்கள். கதையிலிருந்து காற்றைப் பிரிக்கும் ஆலைக்கு இன்னும் டெண்டர் விடவில்லை. அதுவரை இப்பணியை ஆய்வாளர்களே கையால் செய்தாக வேண்டியிருக்கிறது.

2. ஆய்வின் தேவை

இல்லை.

3. இலக்கியத்தில் எட்டாக் குறி

தொலைதூரக் குறிபார்த்தலில் தமிழனுக்கு நிகர் தமிழனே என்பதற்கு முதற்சான்று வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின்மேல் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியிருக்கிறார் (புறநானூறு, 152). பாடியவர் பரிசில் பெற்றுத் திரும்பினார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஐந்து விலங்குகளும் ஒரே கோட்டில் ஏன் நின்றன, புலி பக்கத்தில் நிற்க மான் ஏன் ஓடவில்லை என்ற கேள்விகளை எழுப்புவோர் பரிசில் பெறுவதில்லை.

இரண்டாம் சான்று தசரதன். சரயு ஆற்றங்கரையில், இருட்டில், குடத்தில் நீர் நிறையும் ஓசையைக் கேட்டு யானை என்று நினைத்து அம்பெய்தான். குறி தப்பவில்லை, யானைதான் இல்லை. குறிபார்க்கத் தெரிந்தால் போதாது, எதைக் குறிபார்க்கிறோம் என்றும் தெரிய வேண்டும் என்னும் இப்பாடத்துக்காக ஒரு முனிவர் வீட்டுப் பிள்ளை உயிரை விட்டது.

மூன்றாமவர் வள்ளுவர். முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே மேல் என்று படைச்செருக்கில் அவர் சொல்லிவைத்தது வீரத்தைப் பற்றி. ஆனால் எம் ஆய்வுக்குரிய பெரியவர் இதைத் தமக்கு வழங்கப்பட்ட சான்றிதழாகவே கொள்கிறார்: “வள்ளுவரே சொல்ட்டாரு. மிஸ் ஆனாலும் பெரிசா மிஸ் ஆவணும்.”

4. மூலமும் உரையும்

மேற்படி பெரியவரே இவ்வாய்வின் முதன்மைத் தரவு. வயது அறுபதைத் தாண்டியவர். ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு இருபது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்; அது ஒருமுறையும் வெடித்ததில்லை. ஆயினும் ஜவ்வாது மலையில் மாமனோடு வேட்டையாடி நாற்பது பன்றிகளை வீழ்த்தியதாகக் கூறுகிறார். சட்டம் வருவதற்கு முன்பே வேட்டையை விட்டுவிட்டதாகவும் உறுதியளிக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், பால்பல் விழுவதற்குள் அவர் அந்த நாற்பதையும் முடித்திருக்க வேண்டும்.

மூலம் வருமாறு: “தோ தெரியுது பாரு கிரேனு, அதும் காலாண்ட ஒரு பன்னி நிக்கிதுன்னு வெச்சுக்க. இங்கேர்ந்தே ஒரே டப்பு.” (பெஞ்சு, மேற்கு ஓரம், முதல் டீ.)

பாடபேதம்: “பன்னி” என்பது இரண்டாம் டீயில் “மானு” என்றும், மூன்றாம் டீயில் “ஆனை” என்றும் வருகிறது. ஆனை இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். (அதே பெஞ்சு, நடுப்பகுதி, மேற்கு ஓரம் வெயில் வந்தமையால் கைவிடப்பட்டது.)

இம்மூலத்துக்கு இரண்டு உரைகள் உள்ளன. டீ மாஸ்டர் உரை, “அவர் சுட்டதும் இல்ல, பாக்கி குடுத்ததும் இல்ல” எனச் சுருக்கமாக முடிகிறது. கண்டெய்னர் லாரி கிளீனரின் விருத்தியுரையோ, பெரியவர் சுட்ட குண்டு பன்றியைத் தாண்டி மலையடிவாரத்துப் பேருந்தின் டயரையும் பதம்பார்த்திருக்கக்கூடும் என விரிகிறது. ஓரியின் உடும்பு நிலையை இதில் பேருந்து வகிப்பது தெளிவு. (பெஞ்சுக்குக் கீழே, குந்திய நிலையில், கைப்பேசி சார்ஜ் ஏறும் இடைவெளியில், பிற்பாடு உரையாசிரியரே மறுத்தார், மறுப்பு நடந்தபோது வடை போட்டுக்கொண்டிருந்த எண்ணெயின் இரைச்சலால் சில சொற்கள் சிதைந்துள்ளன, சிதைவுகளை நிரப்பிக்கொண்டது பதிப்பாசிரியர் உரிமை.)

5. தூரம்: ஓர் அளவை முறை

கிரேன் எவ்வளவு தூரம் என்று கேட்கப்பட்டது. “ஒரு கிலோமீட்டரு” என்றார் பெரியவர். யாரும் அசையவில்லை. “சரி விடு, எட்நூறு.” கிளீனர் இருமினார். “அறநூறு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்.” காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரம் விலை இறங்குவதைப் போல் தூரம் இறங்கிற்று.

அப்போது கிளீனர் எழுந்து, கேட்டுக்கு வெளியே காத்து நின்ற டிரெய்லர்களை விரலால் எண்ணினார். கிரேனின் காலுக்கு நேர்வரை பதினொன்று. நாற்பதடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லர் ஒன்று முகப்போடு சேர்த்து ஏறத்தாழ பதினாறு மீட்டர். நடுவே கொஞ்சம் இடைவெளி. ஆக, இருநூறை ஒட்டித்தான் வருகிறது. “லாரிங்க நெருக்கி நிக்குது” என்றார் பெரியவர். நெருக்கி நின்றால் தூரம் இன்னும் குறையுமே என்பதை ஆய்வு நாகரிகம் கருதி யாரும் சொல்லவில்லை.

இவ்விடத்து ஒரு முறைமையியல் குறிப்பு. கண்ணால் தூரம் சொல்வது பெரியவரின் குறை மட்டுமன்று. கடல்கொண்ட தென்னாட்டின் நீளம் எழுநூறு காவதம், அதில் நாற்பத்தொன்பது நாடுகள் என்று உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் எழுதிவைத்தார். ஒரு காவதம் எத்தனை மைல் என்பதில் ஒத்த கருத்து இல்லாதபோதும், அதை வைத்து வரைபடம் போட்டு, அட்டவணை கட்டி, முனைவர் பட்டமும் வாங்கியோர் உண்டு. அவர்களுக்கு எதிரே லாரி எண்ணும் கிளீனர் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

தூரம் தவறினால் என்ன ஆகும்? .308 ரக ரைஃபிளை 100 மீட்டரில் குறி நேராக்கி வைத்திருந்தால், 500 மீட்டரில் குண்டு ஏறத்தாழ இரண்டு மீட்டர் தாழ்ந்துவிடும். அதற்கேற்ப உயர்த்திப் பிடிப்போர் உண்டு. ஆனால் 500 மீட்டரை 450 என்று மதித்து உயர்த்தினால் குண்டு ஏறத்தாழ ஓர் அடி கீழே போகும். புள்ளிமானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு சாண் அகலம்தான். இனி, மேடை போட்டு, மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுகிற இடம் வேறு. மேடேறி மூச்சிரைக்க, முட்டிபோட்டு, வியர்வை கண்ணில் இறங்கச் சுடுகிற இடம் வேறு. ஒரு மீட்டர் நீளக் குழலின் நுனி ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் 500 மீட்டரில் அரை மீட்டர் விலகல். இதயத் துடிப்பு ஒன்றே அதற்குப் போதும்.

6. சாக்குப் பாகுபாடு

தப்பிய குறிக்குக் காரணம் நான்கு.

6.1 துப்பாக்கிச் சாக்கு: இரவல் துப்பாக்கி.

6.2 விலங்குச் சாக்கு: “கரெக்டா அப்பத்தான் தல திருப்பிச்சு.”

6.3 உறவுச் சாக்கு: பக்கத்தில் மாமன் தும்மியது.

6.4 காற்றுச் சாக்கு: இதுவே சாக்குகளின் அரசு. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று 500 மீட்டரில் குண்டை அரை மீட்டருக்கு மேல் தள்ளும் என்பதால், இச்சாக்கு அறிவியல் ஆதரவும் பெற்றது. காட்டுப்பள்ளியில் காற்றைக் காண்பது எளிது. அனல்மின் நிலையச் சாம்பல் எந்த வீட்டுத் துணியில் படிகிறதோ அது காற்றடிக்கும் திசை. கோடையில் பகல் திரும்பினால் கடற்காற்று ஏறும். சுடும் இடத்தில் அடிக்கும் காற்றும் நடுவழியில் அடிக்கும் காற்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பெரியவரின் காற்றுகள் பருவம் சாராதவை. மான் தப்பியபோது வாடை. பன்றி தப்பியபோது கச்சான். ஆனை தப்பியபோது கொண்டல். கடற்கரையிலிருந்து ஜவ்வாது மலைவரை அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற வினாவுக்கு, “அந்தக் காலத்துக் காத்து” என்பதே விடை. (பெஞ்சின் கிழக்கு ஓரம், நாலாம் டீ, சர்க்கரை கம்மி, பாதி குடித்து வைத்த நிலையில், ஓரத்தில் ஈ ஒன்று அமர்ந்ததால் வாக்கியம் முற்றுப்பெறவில்லை, முற்றுப்பெற்றதாகக் கொள்ளும் கிளீனர் பாடம் ஏற்புடையதன்று.)

பெஞ்சின் மறுகோடியில் ஒரு மீனவர் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். ஊசியைப் பல்லில் கடித்தபடி நூலை இழுத்து இறுக்கி, முடிச்சை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: “நாங்க காத்து மாறும்னு சொல்ட்டு கடலுக்குப் போறோம், இல்லாட்டி போவாத நிக்கிறோம். நீ சுட்டப்பறம் வந்து காத்து மாறிச்சின்றியே, அது இன்னாபா கணக்கு?”

இவ்வாய்வு முழுவதும் கண்ட ஒரே ஆய்வுமுடிவு இதுவாகும். காற்றையும் தூரத்தையும் விசையை அழுத்துமுன் சொல்வது திறமை. பின் சொல்வது உரை.

7. வரலாற்றுச் சான்று

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அரைமணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள், தொட்டிகள் எரிந்தன. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டவற்றில் ஒன்றும் கப்பல்மீது படவில்லை. கரையில் இருந்தோர் குறிபார்ப்பை நம் பெரியவரின் மரபில் வைத்து ஆராயலாம் எனினும், நோக்க வேண்டியது எம்டனின் தலைவர் ஃபொன் மியூல்லரின் அடக்கத்தை. பீரங்கி அதைவிட வெகுதூரம் எட்டும். அவரோ சுமார் 3,000 கெஜம்வரை கரையை நெருங்கி, தேடொளி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுட்டார். எதிரே இருந்ததோ ஓடாத, தலைதிருப்பாத, வீடு உயரத் தொட்டி.

8. அருகாமைவாதிகள்

எட்டிச் சுடாதவர்களும் உலகில் உண்டு. குமாயூன் மலையின் சௌகர் ஆட்கொல்லிப் பெண்புலியை 1930இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டபோது இடைத்தூரம் எட்டு அடி. ஒரு கையில் பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டு, மறுகையால் சுட்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றது 10 மீட்டரில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே 10 மீட்டர்தான். நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். “பத்து மீட்டரா? அது ரோட்ட தாண்டறது” என்றார் பெரியவர்.

எட்டியவர்களும் உண்டு. 2017இல் கனடாப் படைவீரர் ஒருவர் இராக்கில் 3,540 மீட்டரில் குறியை அடித்ததாக அந்நாட்டு ராணுவம் அறிவித்தது. குண்டு போய்ச் சேரப் பத்து வினாடியை நெருங்கியது. தூரமும் காற்றும் பார்த்துச் சொல்ல அவருக்கு அருகிலேயே கூட்டாளி உண்டு. அவர் தும்மவில்லை என்று கொள்க.

9. பாதி தப்புதல்

முழுக்கத் தப்பினால் மான் பிழைக்கும், கதை பிறக்கும், யாருக்கும் நட்டமில்லை. பாதி தப்புவதுதான் விவகாரம். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் கார்பெட் வீழ்த்திப் பார்த்தபோது, அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரிடம் வந்தது என்பது அவர் முடிபு. அந்த யாரோ அன்றிரவு ஊருக்குள் போய் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்கப் பல்கலைக்கழக நிதி வேண்டியதில்லை: “பட்டுச்சு. எங்கனா போய் விழுந்திருக்கும்.” அவர் கதையைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் லாரி எண்ணத் தெரிந்தவர் ஒருவராவது இருந்திருந்தால் குமாயூன் மலைக்கு நன்மையாக இருந்திருக்கும்.

10. முடிவுகளும் எல்லைகளும்

(அ) குறியின் தூரம், நிகழ்ச்சிக்கும் கதைக்கும் இடையே கழிந்த ஆண்டுகளுக்கு நேர்விகிதத்திலும், பெஞ்சில் இருக்கும் மீனவர் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும்.

(ஆ) சுடுமுன் தூரம் சொல்லாதவர் சுட்டபின் சொல்லும் தூரம் தள்ளுபடிக்குரியது. தள்ளுபடி வீதம் நூற்றுக்கு எழுபத்தைந்து. மூன்றாம் டீக்குப் பின் முழுவதும்.

(இ) இக்கட்டுரையாளர் துப்பாக்கி எதையும் தொட்டதில்லை. ஓரியின் அம்பு எத்தனை விலங்குகளைத் துளைத்தது என்று நூல் எழுதி விருது பெற்றவர்களின் தகுதியும் இதுவே என்பதால், இதனை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை.