எல்லாம் அடக்கம், ரம் உட்பட

தங்க, தின்ன, குடிக்க, கடலைப் பார்த்துப் படுத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. உள்ளே போய்விட்டால் பர்ஸைத் தொட வேண்டாம். கரீபியன் கடற்கரை ரிசார்ட்டுகளில் இதற்கு ஆல் இன்க்ளூசிவ் என்று பெயர். காசு நினைப்பே இல்லாமல் மனிதன் நிம்மதியாக இருக்கட்டும் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. யோசித்தவருக்கு என் மாமனாரைத் தெரியாது.

மாமா கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேதாரண்யம் பக்கத்துக் கடன் சங்கச் செயலாளர்கள் இன்றைக்கும் அவர் பெயரைக் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார்கள். உர மூட்டையில் குறைந்த அரைக் கிலோவுக்காக மூன்று பக்கம் ஆட்சேபணை எழுதிய கை அது. மகளைப் பார்க்க நியூ ஜெர்சிக்கு வந்திருந்த அவரையும் அத்தையையும் எங்காவது அழைத்துப் போகலாம் என்று பேச்சு வந்தபோது நான் பார்படாஸ் என்றேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா வேண்டாம். விசாக் கட்டணம் இல்லை என்று கேட்டதுமே, "நல்ல நாடு" என்றார் மாமா. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்புறம்தான் கேட்டார்.

விமானத்தில் வரைபடத்தைக் காட்டினேன். மொத்தத் தீவே சுமார் 430 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லை 426. "நாலு சதுர கிலோமீட்டர் கூடுதல். அதுக்கு ஒரு பிரதமர், ஒரு ஜனாதிபதி" என்றார். 2021இல்தான் இங்கிலாந்து ராணியை விட்டு விலகிக் குடியரசானார்கள் என்றேன். "ஸ்டேஷனரி எல்லாத்தையும் மாத்தியிருப்பானே, அந்தச் செலவு வேற" என்றார்.

ரிசார்ட்டின் வரவேற்பறையில் எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டை கட்டினார்கள். தண்ணீரில் நனைந்தாலும் போகாது, இழுத்தாலும் வராது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காப்புக் கட்டியாச்சு. இனிமே ஊர் எல்லையைத் தாண்டப்படாது" என்றார். மாரியம்மன் திருவிழாவுக்குச் சொல்கிற அதே வாக்கியம். ஆல் இன்க்ளூசிவ் வியாபாரம் நடப்பதே அந்த விதியில்தான். காசு கட்டியவன் வெளியே போய்ச் சாப்பிட மனம் வராமல் வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவான். வெளியே கடை வைத்திருப்பவன் ஈ ஓட்டுவான். தீவுக்காரர்களுக்கு இந்த முறைமேல் உள்ள பழைய மனக்குறையும் அதுதான்.

அன்று இரவு மாமா கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். கட்டிய தொகையை நான் குறைத்துத்தான் சொன்னேன். அப்படியும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடது பக்கம் கட்டியது, வலது பக்கம் அனுபவித்தது. ஆம்லெட், காபி, பழச்சாறு, துண்டு, குளியல் எல்லாவற்றையும் வெளி மார்க்கெட் விலையில் வரவு வைத்தார். ஊர் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் சரியாக வேண்டும் என்றார். ராத்திரி பத்தரைக்கு ஒரு தகவல் அவரை உலுக்கிவிட்டது.

"குடியும் இதுல அடக்கமா?"

அடக்கம்தான். பார்படாஸ் ரம்மின் ஊர். அங்கேயிருக்கும் மவுன்ட் கே வடிசாலைக்கு 1703ஆம் ஆண்டு தேதியிட்ட பத்திரமே இருக்கிறது. முந்நூறு வருஷப் பழக்கம் கடற்கரை பாரில் காலை பத்து மணிக்கே திறந்துவிடுகிறது. ஆனால் எங்கள் நாலு பேரில் ஒருவரும் குடிப்பதில்லை.

"அப்ப அந்தக் குளத்துக்குள்ளேயே உக்காந்து குடிச்சிக்கிட்டிருக்கானே, செவசெவன்னு ஒரு ஆளு, அவன் பில்லை நாம கட்டுறோம்."

ஏற்பாட்டின் வரலாற்றைச் சொல்லி ஆற்றப் பார்த்தேன். 1950இல் ஜெரார் ப்ளிட்ஸ் என்ற பெல்ஜிய வாட்டர் போலோ வீரர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பழைய ராணுவக் கூடாரங்களை அடித்து கிளப் மெட்டை ஆரம்பித்தார். சாப்பாடும் தங்கலும் ஒரே விலை. குடிக்கு மட்டும் தனிக்கணக்கு. நீச்சல் உடையில் பர்ஸ் வைக்க இடமேது, அதனால் கழுத்தில் பாசிமணி போட்டுக்கொண்டு, ஒரு கோப்பைக்கு இத்தனை மணி என்று கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. பிற்பாடு கரீபியனில், முக்கியமாக ஜமைக்காவில், குடியையும் உள்ளே சேர்த்தார்கள். சாண்டல்ஸ் ரிசார்ட் 1981இல் மான்டிகோ பேயில் தொடங்கியது அந்த வழியில்தான்.

மாமா மணிக்காக வருத்தப்பட்டார். "மணி இருந்தவரைக்கும் கணக்கு இருந்திருக்கு மாப்ள. ஒவ்வொரு மணியும் ஒரு வவுச்சர். வவுச்சரை ஒழிச்ச அன்னைக்கே குடிக்காதவன் தலையில மொளகா அரைக்க ஆரம்பிச்சிட்டான்."

பிறகு பால்கனிக் கதவை மெதுவாகச் சாத்தினார். உள்ளே அத்தையும் என் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்கு… பழக்கம் ஏதும் உண்டா?" என்றார்.

இதே கேள்வியை இதே குரலில் இவர் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறார், பெண் பார்க்கப் போன அன்று, கொல்லைப்புறத்துக் கிணற்றடியில். அன்றைக்கு நான் சொன்ன "இல்லீங்க"வை நம்பித்தான் கல்யாணமே நடந்தது. பார்படாஸிலும் "இல்ல மாமா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"கொஞ்சம்கூடவா?"

ஆபீஸ் விருந்துகளில் எப்போதாவது ஒரு பீர் நடந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எந்தக் கோணத்தில் திரும்பி வந்தாலும் பதிலை மாற்றுகிற தைரியம் எனக்கில்லை. "சத்தியமா" என்றேன். "ம்" என்று கடலைப் பார்த்தார். "உங்க தம்பியா இருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கல்யாண வரவேற்பு முடிந்த இரவு மண்டப வாசலில் கார் போனட்டின் மேல் ஏறி ஆடியதிலிருந்து என் தம்பி அந்த வீட்டில் 'அந்தப் புள்ளாண்டான்'. பெயர் சொல்ல மாட்டார்கள்.

ரம்மில் விட்டதை மற்றவற்றில் பிடிக்க வேண்டும் என்று ஆனது. விடியற்காலையில் கடற்கரை நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் போட்டி நடப்பதை மாமா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் இருட்டோடு எழுந்து, துண்டுகளும் கிளிப்புமாக அவரும் நானும் போனோம். எங்களுக்கு முன்பே இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஆஜர். ஆனால் அவர்கள் முட்டி மோதியதெல்லாம் வெயில் விழும் நாற்காலிகளுக்கு. நிழலில் இருந்தவற்றை ஒருவரும் சீண்டவில்லை. மாமா நாலு நாற்காலியில் துண்டு போட்டுவிட்டு, போட்டிக்கு ஆளில்லாமல் வென்ற வேட்பாளர் முகத்தோடு நின்றார். இதற்காகவா எழுந்தோம் என்று எனக்கும் இருந்தது.

அதைவிட நல்ல நிழல் ஒன்று அத்தையின் கண்ணில் பட்டது. அலைக்குக் கொஞ்சம் மேலே குடைபோல ஒரு மரம், அடியில் ஒரு ஈ காக்கை இல்லை, சுற்றிலும் நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் கலந்த பச்சைக் காய்கள். அத்தை முந்தானையை விரித்துப் பொறுக்கக் குனிந்தார். மரத்தில் அடித்திருந்த சிவப்புப் பட்டையையும் பக்கத்துப் பலகையையும் என் மனைவி நல்லவேளையாகப் பார்த்தாள். மான்சினீல் மரம். காயைத் தின்றால் தொண்டை வெந்துபோகும். பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழைக்கு ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமா பலகையை முழுக்கப் படித்துவிட்டு, "இதுவும் பேக்கேஜ்ல அடக்கமா?" என்றார்.

கண்ணாடி அடித்தளப் படகு அடக்கம்தான். பவளப் பாறைகளுக்கு மேலே படகை நிறுத்தி, நீலமும் பச்சையுமாக ஒரு கிளி மீன் பாறையைக் கொறிப்பதைக் காட்டினார் வழிகாட்டி இளைஞர். கறுமுறுவென்று சத்தம்கூடக் கேட்குமாம். பவளத்தைக் கடித்து, அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றுகிறது. நீங்கள் மிதிக்கும் வெள்ளை மணலில் கணிசமான பங்கு அதுதான் என்றார். மகள் மொழிபெயர்த்ததும் அத்தை, "வெளியேத்துதுன்னா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன்பிறகு ஊர் திரும்பும்வரை செருப்பில்லாமல் மணலில் இறங்கவில்லை. விளம்பரப் படத்தில் வரும் அந்தப் பால்வண்ண மணலைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார்.

ரிசார்ட்டுக்குள் வரிசையாகத் தென்னை. அண்ணாந்து பார்த்தால் ஒன்றிலும் காயில்லை. விருந்தினர் தலையில் விழுந்து வைக்கும் என்று பிஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். கஜா புயலில், 2018 நவம்பரில், ஒரே ராத்திரியில் தோப்பு முழுக்கச் சாய்ந்ததைப் பார்த்தவர் அத்தை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "வேணும்னே வெட்டுறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் இளநீர்க்காரர் வந்ததும் அவருக்கு உயிர் வந்தது. தலையில் தொப்பி, கையில் நீள அரிவாள், தள்ளுவண்டி நிறையக் காய். மாமா வயதுதான் இருக்கும். அலை தொடும் ஈர மணலில் நின்று விற்றார். ரிசார்ட் காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார், விரட்டவில்லை. ஏன் என்று மாமா விசாரித்தார். பார்படாஸில் கடற்கரை எல்லாருக்கும் பொது. எவ்வளவு பெரிய ஹோட்டலானாலும் ஈர மணலுக்கு வேலி போட முடியாது. ஜமைக்காவில் இப்படி இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஜனங்களுக்குப் பொதுவான கடற்கரை உரிமை எதையும் தரவில்லை என்று அங்கே இன்றும் வழக்கும் போராட்டமுமாக இருக்கிறது. இங்கே ரிசார்ட்டுக்குச் சொந்தம் நாற்காலியும் குடையும்தான்.

"அப்ப கடல் ஃப்ரீயா?"

"ஆமா மாமா."

நோட்டை எடுத்தார். 'கடற்குளியல், நாலு பேர்' என்று வரவு வைத்திருந்ததை ஒவ்வொன்றாக அடித்தார். எங்களுடைய நிதி நிலைமை அந்த நிமிஷத்தில் பாதாளத்துக்குப் போனது.

இளநீர்க்காரர் எங்களைப் பார்த்து இந்தியாவா என்றார். 2024 ஜூன் 29 அன்று இங்கே கென்சிங்டன் ஓவலில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் ஜெயித்தீர்களே என்று உற்சாகமாக ஆரம்பித்தார். மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "மால்கம் மார்ஷல்" என்று அந்த ஊர் வேகப்பந்துக்காரர் பெயரைச் சொன்னார். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்தார். "மெட்ராஸ். சேப்பாக்கம். 1983 டிசம்பர். நான் நேர்ல பார்த்தேன்" என்று தணிக்கை ஆங்கிலத்தில் மாமா தொடர்ந்தார். "ஸ்கோர் பூஜ்யம். விக்கெட் ரெண்டு. ரெண்டும் மார்ஷல்." அதற்கப்புறம் கவாஸ்கர் வந்து ஆட்டமிழக்காமல் 236 அடித்ததை அவர் சொல்லவில்லை. வந்த ஊரில் மரியாதை தெரிந்தவர். பார்படாஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வெயிலில் இரண்டு பேரும் வெகுநேரம் நின்று ஒருவர் ஆங்கிலம் ஒருவருக்குப் புரியாமல் பேசினார்கள். கிளம்பும்போது அவர் காசு வாங்காமல் ஒரு காய் சீவிக் கொடுத்தார். மாமா குடித்து முடித்துவிட்டு, நோட்டில் 'இதர வரவு' என்று எழுதினார்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. உள்ளே ஒரு உயர்ரக உணவகம், ராத்திரிக்கு ஆண்கள் முழுநீளக் கால்சட்டை போட்டு வரவேண்டும் என்று விதி. முட்டிவரை போட்டிருந்த என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். எட்டு முழ வேட்டியில் வந்த மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீளம் இருக்கிறது என்று உள்ளே விட்டார்கள்.

ஆனால் அத்தை வயிறாரச் சாப்பிட்டது அங்கே இல்லை. உள்ளூர்ச் சமையல் இரவில் ஒருநாள் கூ-கூ வைத்தார்கள். வெண்டைக்காய் வேகவைத்த தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி, தட்டையான மரத் துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறுவது. தொட்டுக்கொள்ள, தக்காளி வெங்காயத்தில் வேகவைத்த பறக்கும் மீன். கூ-கூவும் அந்த மீனும்தான் நாட்டின் தேசிய உணவு. ஏழு பக்க ஒரு டாலர் நாணயத்திலும் அந்த மீன்தான் இறக்கை விரிக்கிறது. அத்தை முள்ளைப் பார்த்தார், செதிலைப் பார்த்தார். "இது நம்ம கோலா மீனுல்ல!" என்றார். நாகப்பட்டினம் கரையில் கோடையில் வருகிற அதே குடும்பம். அடுப்படியில் நின்ற சமையல்கார அம்மாவிடம் துடுப்பை வாங்கி இரண்டு சுற்றுக் கிளறிக் காட்டினார். கடுகும் மஞ்சளும் போட்டு அரைத்த உள்ளூர் மிளகாய்ச் சாந்தை நக்கிப் பார்த்து, "உப்பு பத்தலை" என்று தீர்ப்பளித்தார். மூன்று தட்டுச் சாப்பிட்டார்.

மாமாவுக்கு அடிவயிறு எரிந்தது. "அங்க சிங்கி இறால் மலையாக் குவிச்சு வச்சிருக்கான். இவ களியைத் தின்னுட்டு நிக்கிறா. மாவு என்ன வெலை, வெண்டைக்கா என்ன வெலை!"

"சிங்கி இறாலை நம்ம ஊர்ல பாத்ததில்லையா? போங்களேன், நீங்க போயித் தின்னுங்க" என்றார் அத்தை.

புறப்படும் அன்று வரவேற்பறைப் பெண் கத்தரிக்கோலால் காப்பை வெட்டினாள். பாக்கி பூஜ்யம் என்று ஒரு தாளைக் கொடுத்தாள். மாமா விவரப் பட்டியல் கேட்டார். பட்டியல் என்று எதுவும் இல்லை என்றாள். கருத்துப் படிவம் ஒன்று நீட்டினாள். மாமா சோபாவில் உட்கார்ந்து, பத்தி எண் போட்டு, இரண்டு பக்கமும் எழுதினார். காயில்லாத தென்னை ஒரு பத்தி. மிளகாய்ச் சாந்தின் உப்பு ஒரு பத்தி. குடிப்பழக்கமில்லாத விருந்தினருக்குத் தனிச் சலுகை விலை பரிசீலிக்கப்படலாம் என்பது மூன்று உட்பிரிவுகளோடு. டாக்சிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

அவர்கள் வேதாரண்யம் திரும்பிய பிறகு, ரிசார்ட்டிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஆழமான கருத்துகளுக்கு நன்றி, அடுத்த வருகைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தேன். அன்று இரவே மாமா கூப்பிட்டார். பத்து சதவீதத்தைக் கழித்தும் ரம் இடிக்கிறது என்றார். நோட்டுப் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கனைப்பு.

"மாப்ள, உங்க தம்பி சௌக்கியமா இருக்காரா? நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க. அவருக்குப் பாஸ்போர்ட் இருக்குல்ல?"